கதவுக்கு முட்டுக் கொடுத்த வார்ப்பு

குரு என்றால் தாடி இருக்க வேண்டுமா என்ன? எங்கள் பட்டறை குருவுக்கு வயது முப்பத்தொன்று. பெயர் பூங்கோதை. என்னைவிடப் பத்து வயது சின்னவள். இரும்பைச் சீவித் துளை போடும் ஐந்து கம்ப்யூட்டர் மெஷினும் அவள் சொன்னபடி கேட்கும். நான் பக்கத்து மெஷின்காரன், நடந்ததைக் கண்ணால் பார்த்தவன்.

சீடர் நாச்சிமுத்துவுக்கு நாற்பத்தாறு. பதினெட்டு வருஷம் டவுன் பஸ் ஓட்டியவர். முதுகு போனதும் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு எங்களிடம் வந்தார். மூலையில் உட்கார்ந்து வார்ப்பு ஓரத்துப் பிசிர் தேய்த்துக்கொண்டே ஆறு மாதமாக மெஷின் வேலை பழகினார்.

ஒரு நாள் காலையில் கேட்டார்.

“ஏனுங்க அம்மிணி, டூலை மாத்துறதும் கம்ப்யூட்டரு, எறக்குறதும் கம்ப்யூட்டரு. நடுவால ஆபரேட்டருன்னு ஒரு ஆள் எதுக்குங்க?”

“புழுக்கமா இருக்குதுண்ணா. கதவைத் தொறந்து வெச்சுட்டு வாங்க.”

எங்கள் பட்டறைக் கதவு காற்றுக்குத் தானே சாத்திக்கொள்ளும். முட்டுக் கொடுக்க ஒரு பழைய பம்ப் வார்ப்பு கிடக்கும். நடுவில் விரல் புதைகிற அளவுக்குப் பள்ளம் விழுந்திருக்கும். நாச்சிமுத்து போன வேகத்தில் அதிலேயே காலை இடித்துக்கொண்டார்.

“ஐயோ! எந்தப் புண்ணியவானுங்க இதை இங்க போட்டது?”

பூங்கோதை சிரித்தாள். இரண்டு கேள்விக்கும் பதில் சொல்லவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை ஒரு புது பம்ப் கம்பெனியிலிருந்து மாதிரி வார்ப்பு வந்தது. ஒன்றே ஒன்று. அது சரியாக வந்தால் வருஷம் பூராவும் வேலை. கம்பெனி ஆளே நேரில் வந்து நின்றார்.

“நாச்சிமுத்தண்ணன் ஓட்டுவாருங்க” என்றாள் பூங்கோதை.

முதலாளிக்கு வியர்த்துவிட்டது. “ஏம்மா, வெளையாடறியா? டூல் போய் வார்ப்புல அடிச்சுட்டா ஆர்டரே போயிரும்!”

“ஓட்டுவாருங்க.”

“சரி. கெடுத்தாருன்னா ஆயுசுக்கும் பிசிர்தான், சொல்லிட்டேன்.”

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம். முதல் பீஸ் தேறினால் அந்த மெஷின் கதவில் ஆபரேட்டர் பேரைப் பெயிண்டில் எழுதுவோம். நாச்சிமுத்து அந்தக் கதவை ஒருமுறை தடவிப் பார்த்தார். பிறகு ஐந்து டூலையும் அளந்து, டூலுக்கு ஒரு வரிசையாக ஐந்து நீளத்தையும் திரையில் அவரே அடித்தார். அந்த நீளத்தை நம்பித்தான் மெஷின் டூலை இறக்கும். வேகத்தைக் குறைத்து வைத்தார். ஒரு கை பச்சை பட்டனில், ஒரு கை சிவப்பில்.

பச்சையை அழுத்தினார்.

யாராவது அவரவர் மெஷினில் நின்றோமா? எல்லோரும் அங்கேதான்! முதல் டூல் வார்ப்பின் முகத்தைச் சீவியது. மெஷின் கண்ணாடியில் சூடு தணிக்கும் கூலண்ட் பால் மாதிரி அடித்தது. இரண்டாவது, மூன்றாவது, எல்லாம் ஜோர். கம்பெனி ஆள் போனை எடுத்துப் படம் பிடிக்க ஆரம்பித்தார்.

நான்காவது, நீளமான டிரில். மெதுவாக இறங்கியது. வார்ப்புக்கு மேலே போய் நிற்க இன்னும் எவ்வளவு இறங்க வேண்டும் என்று திரை காட்டும். நாச்சிமுத்து திரையைப் பார்த்தார், டிரில்லைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். சிவப்பில் இருந்த விரல் அசைந்தது.

“விடுங்கண்ணா, ஓட விடுங்க!” என்று கத்தினோம். நானும்தான் கத்தினேன், என்னத்தை மறைக்க?

அவர் குருவைப் பார்த்தார். குரு வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிவப்பை அழுத்தினார். மெஷின் நின்றது.

“போச்சு!” என்றார் முதலாளி. கம்பெனி ஆள் போனை இறக்கினார்.

“பஸ்ஸுன்னு நெனச்சு பிரேக்கு போட்டுட்டாருடா!” என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தோம்.

நாச்சிமுத்து முகம் சுண்டிவிட்டது. “இன்னும் நாப்பத்தாறு மில்லி எறங்கோணுங்குது ஸ்கிரீனு. எங்கண்ணுக்கு ஒரு வெரக்கடைதானுங்க இருக்குது.”

அவர் அடித்த நீளங்களைத் திரையில் திறந்து பார்த்தோம். நான்காவது டூலின் நீளம் ஐந்தாவது வரிசையில், ஐந்தாவதின் நீளம் நான்காவதில். இன்னும் ஒரு நொடி விட்டிருந்தால் டிரில் வார்ப்பைக் குத்திக் கிழித்திருக்கும். சிரிப்பு கப்பென்று அடங்கியது.

அவரே மாற்றி அடித்தார். மறுபடி பச்சை. டிரில் இறங்கியது, வார்ப்புக்கு மேலே வந்து சமர்த்தாக நின்றது, பிறகு துளை போட்டது. ஐந்தாவதும் முடிந்தது. பூங்கோதை துளைகளை ஒவ்வொன்றாக அளந்தாள்.

“எல்லாம் சரியா இருக்குதுங்க.”

அடேயப்பா, அந்த விசில்! நான் ஓடிப்போய் நாச்சிமுத்துவைக் கட்டிக்கொண்டேன். கம்பெனி ஆள் வார்ப்பைத் தடவித் தடவிப் பார்த்தார். முதலாளியே ஓடிப்போய்ப் பெயிண்ட் டப்பாவை எடுத்து வந்தார்.

நாச்சிமுத்து வேஸ்ட் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

“எம்பேரு வேண்டாமுங்க அம்மிணி. தப்பா அடிச்சதே நாந்தானுங்களே. நான் மூலைக்கே போயிர்றேன்.”

பூங்கோதை பெயிண்ட் டப்பாவைத் தாண்டி நடந்தாள். வாசலுக்குப் போய், முட்டுக் கொடுத்திருந்த வார்ப்பை இரண்டு கையாலும் தூக்கினாள். கதவு படாரென்று சாத்திக்கொண்டது. கொண்டுவந்து புது பீஸுக்குப் பக்கத்தில் வைத்தாள். பழையதில், துளை இருக்க வேண்டிய இடத்தில் பள்ளம்.

“இது யாரு ஓட்டுனதுங்க?” என்றார் நாச்சிமுத்து.

“நான்தாண்ணா. மொத பீஸு. எனக்கும் அன்னைக்குச் சந்தேகம் வந்துச்சு. எல்லாரும் விடு விடுன்னாங்க. விட்டுட்டேன்.”