மிளகுக்குட்டியும் மூன்று முரசும்

உங்களிடம் ஒன்று கேட்கட்டுமா? கூட்டித் துடைத்து வைத்த தரை. நடுவில் சின்னதாக ஒரு குளம். குளத்துக்குப் பக்கத்தில் வாலை ஆட்டிக்கொண்டு ஒரு நாய்க்குட்டி. நீங்கள் முதலில் எதை எடுப்பீர்கள், துணியையா, குச்சியையா?

அவசரமில்லை. கதையைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள் போதும்.

ஆற்றுக்குப் பாலம் என்று ஒன்று கட்டலாம் என்பதே யாருக்கும் தோன்றாத காலம் அது. அப்போது கொன்றைநாடு என்று ஒரு நாடு இருந்தது. அதை ஆண்டவர் செங்கோடன் என்ற அரசர். அவருக்குப் படை இருந்தது, பயிர் இருந்தது, பெயர் இருந்தது. சபை கலைந்த பிறகு பக்கத்தில் உட்கார்ந்திருக்கத்தான் ஓர் உயிர் இல்லை.

ஓர் ஐப்பசி மழையில் அரசர் ஊர் சுற்றிவிட்டுத் திரும்பும்போது, வைக்கோல் போருக்கு அடியில் நனைந்து நடுங்கிக்கொண்டு ஒரு கறுப்புக் குட்டி கிடந்தது. மிளகை உருட்டி வைத்த மாதிரி இருந்தது. எடுத்து மேல்துண்டுக்குள் போட்டுக்கொண்டார். மிளகு என்றே பேரும் வைத்தார்.

அன்றிலிருந்து அரசர் எங்கேயோ, மிளகும் அங்கே. அவர் நடந்தால் கால் இடுக்கில் ஓடும். அவர் படுத்தால் கட்டிலுக்கடியில் படுக்கும். அவர் கொலுமண்டபத்தில் அமர்ந்தால் சிங்காதனத்தின் காலைக் கடித்துக்கொண்டு கிடக்கும்.

எல்லாம் சரி. ஆனால் குட்டி இல்லையா? நினைத்த இடத்தில் நனைத்துவிடும்.

வழக்கு சொல்ல வந்தவர் வழுக்கி விழுந்தார். வாழ்த்துப் பாட வந்தவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு பாடினார். சபையில் முணுமுணுப்பு எழுந்தது. அடுத்த நாடான குன்றநாட்டோடு பல வருடமாக ஏரித் தண்ணீருக்குச் சண்டை. அது தீர்ந்து, தைப் பௌர்ணமியன்று அவர்கள் தூதர் உடன்படிக்கை ஓலையோடு வருவதாக இருந்தது. தூதர் கால் வைக்கிற இடத்தில் ஈரம் கிடந்தால் என்ன ஆவது என்று எல்லாரும் கேட்டார்கள்.

அரசரால் மறுக்க முடியவில்லை. எல்லார் முன்னாலும் வாக்குக் கொடுத்துவிட்டார். தைப் பௌர்ணமிக்குள் மிளகு பழகிவிட வேண்டும். அன்றைக்கு மண்டபத்தில் ஒரு சொட்டு விழுந்தாலும், ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் ஆட்டுப்பட்டிக்கு அதை அனுப்பிவிட வேண்டும். அரசர் வாக்கு. மாற்ற முடியாது. மிளகுக்கு இதெல்லாம் தெரியுமா? அது பாட்டுக்கு அவர் செருப்பைக் கடித்துக்கொண்டிருந்தது.

முதலில் தளபதி வந்தார். பெரிய மீசைக்காரர். இதெல்லாம் ஒரு வேலையா, மூன்றே நாளில் அடக்கிக் காட்டுகிறேன் என்றார். ஈரத்தைப் பார்த்த போதெல்லாம் பிரம்பை எடுத்தார்.

மிளகுக்கு ஒன்றும் புரியவில்லை. இந்த அடி எதற்கு? தரைக்கா? வாலுக்கா? இல்லை, மீசை என்று ஒன்று இருந்தாலே அடி விழுமா? யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தது. மீசை பார்க்கிற இடத்தில் நனைத்தால்தான் தப்பு.

அடுத்த மூன்று நாள் மண்டபத்தில் ஈரமே இல்லை. தளபதி மீசையைத் தடவிக்கொண்டார். நாலாம் நாள் ஒரே நாற்றம். திரைச்சீலைக்குப் பின்னால் ஒன்று, சிங்காதனத்துக்குப் பின்னால் ஒன்று, தளபதியின் கேடயத்துக்குப் பின்னால் ஒன்று. தளபதி குழம்பிப்போய் உட்கார்ந்துவிட்டார்.

இரண்டாவதாகச் சோதிடர் வந்தார். குட்டி பிறந்த நட்சத்திரத்தில் நீர் அதிகம், இடத்தைச் சுத்தி செய்தால் தானாகச் சரியாகும் என்றார். காலை ஒரு குடம், மதியம் ஒரு குடம், மாலை ஒரு குடம் என்று மண்டபம் முழுவதும் மஞ்சள் தண்ணீர் ஊற்றச் சொன்னார்.

மிளகு ஓரமாக உட்கார்ந்து பார்த்தது. பெரியவர்கள் எல்லாரும் வரிசையாக வந்து அதே மண்டபத்தை நனைக்கிறார்கள். ஓகோ, நனைக்கிற இடம் இதுதான் போல என்று நினைத்தது. தன் பங்குக்கு அதுவும் ஓடி ஓடி நனைத்தது. எது மஞ்சள் தண்ணீர், எது மிளகு என்று தெரியாமல் சோதிடர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

மூன்றாவதாக அமைச்சர் தில்லைநாயகம் எழுந்தார். கொன்றைநாட்டின் சட்டம் முழுவதும் அவர் நாக்கு நுனியில் இருக்கும். அடித்தும் பார்த்தாயிற்று, ஊற்றியும் பார்த்தாயிற்று, இனி பரிசு கொடுத்துப் பார்க்கலாம் என்றார். நல்ல யோசனைதானே? கெட்டிக்காரர்தான். ஆனால் அந்த நாட்டில் பரிசுக்கு ஒரு முறை உண்டு.

யாருக்குப் பரிசு என்றாலும் கொலுமண்டபத்தில்தான் கொடுக்க வேண்டும். அரசர் கையால்தான் கொடுக்க வேண்டும். முதலில் மூன்று முரசு, பிறகு மூன்று வாழ்த்து, பிறகுதான் பரிசு. தாத்தா காலத்து ஓலையில் அப்படித்தான் எழுதியிருந்தது. மல்யுத்தம் செய்தவனுக்கும் அதுதான், மிளகுக்கும் அதுதான்.

ஆகவே முற்றத்து வேப்பமரத்தடியில் ஒரு காவலாளி நின்றான். மிளகு அங்கே ஒன்றுக்குப் போனதும் அவன் அதைத் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்கு ஓடினான். சாட்சி கேட்டார்கள். ஓலையில் எழுதினார்கள். முரசுக்காரரைத் தேடிப் பிடித்து வந்தார்கள். முரசு மூன்று முறை அதிர்ந்தது. மிளகு பயந்துபோய் நின்ற இடத்திலேயே நனைத்துவிட்டது. புலவர் மூன்று பாட்டை இழுத்து இழுத்துப் பாடினார். கடைசியில் அரசர் குனிந்து, தங்கத்தட்டில் இருந்த வறுத்த கறியை ஊட்டினார்.

மிளகு காலடி ஈரத்தைப் பார்த்தது. கறியைப் பார்த்தது. அரசரைப் பார்த்தது. அதற்கு ஏதோ ஒன்று பளிச்சென்று புரிந்துவிட்டது.

மறுநாள் மிளகு முற்றத்துக்கே போகவில்லை. சபை நிறைந்திருக்கும் நேரமாகப் பார்த்து, நேராகச் சிங்காதனத்துக்கு முன்னால் வந்தது. எல்லாரும் பார்க்க நனைத்தது. பிறகு கால்மடித்து உட்கார்ந்து, வாலை ஆட்டிக்கொண்டு அரசரின் கையையே பார்த்தது.

சபையே குழம்பிப்போனது. அமைச்சர் ஓலையைத் தலைகீழாகத் திருப்பிப் படித்தார். அரசர் தலையில் கையை வைத்துக்கொண்டார். பௌர்ணமிக்கு இன்னும் பத்தொன்பது நாள்தான் இருந்தது.

அப்போது மண்டபத்து மூலையில் யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது. தரை துடைக்கிற காத்தாயி. இடுப்பில் ஒன்றரை வயதுக் குழந்தை, கையில் துடைக்கிற துணி. சிரிப்பை அடக்க வாயைப் பொத்தியிருந்தாள், ஆனால் தோள் குலுங்கியது. அரசர் அவளை முன்னால் வரச் சொல்லி, என்ன சிரிப்பு என்று கேட்டார்.

காத்தாயி சொன்னாள்: "குட்டி மேல தப்பே இல்லிங்க ராசா. நீங்கள்லாம் சொல்லிக் குடுத்தத அது அப்படியே படிச்சிருக்கு."

அமைச்சருக்கு முகம் சுருங்கியது. பரிசு கொடுத்தோமே, அதில் என்ன பிழை என்றார். பரிசில் பிழையில்லை, பரிசு வந்த நேரம்தான் பிழை என்றாள் காத்தாயி. அது வேப்பமரத்தடியில் நல்ல காரியம் செய்தது. பரிசோ அரை நாழிகை கழித்து, வேறு இடத்தில், வேறு காரியத்துக்குப் பின்னால் வந்தது. எதற்கு வந்தது என்று அந்த வாயில்லாத உயிர் எப்படிக் கண்டுபிடிக்கும்?

"எம் மகளுக்கு மூஞ்சி ஒரு மாதிரி போச்சுன்னா தூக்கிட்டு வெளியே ஓடுவேன். போய் முடிச்ச கையோட ஒரு முத்தம். அந்தக் கையோடயே. வீட்டுக்கு வந்து விளக்கேத்தி வச்சிட்டா முத்தம் குடுப்பாங்க?"

சபையில் சிலர் சிரித்தார்கள். தில்லைநாயகம் சிரிக்கவில்லை. மரத்தடியில் பரிசு கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை, கொலுமண்டபத்தில்தான் கொடுக்க வேண்டும் என்று ஓலையைத் தட்டிக் காட்டினார்.

காத்தாயி குழந்தையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டாள். கொலுமண்டபம் என்றால் எது, இந்தச் சுவரா, இந்தத் தூணா, இல்லை ராசா உட்காருகிற இடமா என்று அமைச்சரைக் கேட்டாள். தில்லைநாயகம் ஓலையைத் தேடினார். தேடித் தேடிக் கண்டுபிடித்தார். அரசர் அமரும் இடமே அவை என்று எழுதியிருந்தது.

முரசு இவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறதா என்று கேட்டாள். இல்லை. வாழ்த்து இவ்வளவு நீளம் வேண்டும் என்று எழுதியிருக்கிறதா என்று கேட்டாள். அதுவும் இல்லை.

"அப்படின்னா ராசா மரத்தடிக்கு வரட்டும். வேலை முடிஞ்சதும் தன் தொடையில மூணு தட்டு தட்டட்டும். நல்ல குட்டி, நல்ல குட்டி, நல்ல குட்டின்னு மூணு வாட்டி சொல்லட்டும். ஒரு துண்டு நெத்திலிக் கருவாடு குடுக்கட்டும். சட்டத்துல எது மீறிச்சு சாமி?"

அமைச்சர் ஓலையை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை படித்தார். ஒன்றும் மீறவில்லை.

அன்றைக்கே வேலை தொடங்கியது. மிளகு தூங்கி எழுந்தால் வெளியே, சாப்பிட்டு முடித்தால் வெளியே, விளையாடி ஓய்ந்தால் வெளியே. அரசரே தூக்கிக்கொண்டு போனார். வேப்பமரத்தடியில் பலகையைப் போட்டு உட்கார்ந்து காத்திருந்தார். மிளகு மரத்தை மோந்தது, எறும்பை மோந்தது, அரசரின் கால் கட்டைவிரலை மோந்தது. கடைசியில் செய்தது. செய்து முடித்த அந்த நொடியில் மூன்று தட்டு, மூன்று "நல்ல குட்டி", ஒரு கருவாட்டுத் துண்டு.

முதல் நாள் மிளகு புரியாமல் திருதிருவென்று விழித்தது. இரண்டாம் நாளும் விழித்தது. மூன்றாம் நாள் தலையைச் சாய்த்து யோசித்தது.

மண்டபத்தில் எப்போதாவது நனைத்தால் யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று காத்தாயி சொல்லியிருந்தாள். திட்டும் இல்லை, பிரம்பும் இல்லை. வாடை நிற்காதபடி சாம்பல் போட்டுத் துடைத்து, எலுமிச்சைத் தோலால் தேய்த்துவிட்டாள், அவ்வளவுதான். பத்தாம் நாள் பெரிய மழை. மிளகு காலை வெளியே வைக்க மாட்டேன் என்றது. திரும்பவும் திரைச்சீலைக்குப் பின்னால் போய்விட்டது. அரசர் முகம் தொங்கிப்போனது. எல்லாம் வீண்தானா என்று கேட்டார். "எம் மகளும் நேத்து பாயில போயிட்டா ராசா" என்று சொல்லிவிட்டுத் துணியைப் பிழிந்தாள் அவள். மறுநாள் அரசர் தாழங்குடையைப் பிடித்துக்கொண்டு மழையில் நின்றார். குடை மிளகுக்கு மேலே இருந்தது. அவர் நனைந்தார்.

இடுப்பு முடிச்சில் எப்போதும் கருவாடு இருந்ததால் அரசர் பக்கத்தில் ஒரே மணம். யாரும் மூச்சுவிடவில்லை. இரண்டு அர்த்தத்திலும்தான், ஒன்று வாடைக்கு, ஒன்று பயத்துக்கு.

தைப் பௌர்ணமி வந்தது. குன்றநாட்டுத் தூதர் பட்டுத்தலைப்பாகையோடு வந்து, மண்டபத்தின் நடுவில் நின்று ஓலையைப் பிரித்தார். ஓலை முழுவதும் படித்து முடிக்கும்வரை அரசர் ஆசனத்தை விட்டு எழக்கூடாது. எழுந்தால் தூதரை அவமதித்த மாதிரி. ஓலையோ நீளமானது. வடக்கு மடை வந்தது, தெற்கு மடை வந்தது, மதகு வந்தது, மதகின் கதவு வந்தது.

சிங்காதனத்தின் கீழே மிளகு விழித்துக்கொண்டது. வாசலுக்குப் போனது. திரும்பி வந்தது. அரசரைப் பார்த்து மெல்ல ஒரு முனகல் முனகியது.

அரசர் தூதரைப் பார்த்தார், மிளகைப் பார்த்தார். எழுந்தால் ஏரி போய்விடுமோ? எழாவிட்டால் மிளகு போய்விடும். மிளகு மறுபடி வாசலுக்குப் போய், மறுபடி வந்து, அவர் பாதத்தில் ஒரு முன்னங்காலை வைத்தது. நனைக்கவில்லை. கேட்டது.

அரசர் எழுந்தார். "பொறுத்துக்கொள்ளுங்கள் தூதரே. இது என்னை நம்பிக் கேட்கிறது, நான் போகாமல் இருக்க முடியாது" என்று சொல்லிவிட்டு வாசலை நோக்கி நடந்தார்.

சபை திகைத்தது. அரசர் இருக்கும் இடமே அவை என்பதால், அவர் போனால் எல்லாரும் போயாக வேண்டும் என்று தில்லைநாயகம் எழுந்தார். தளபதி எழுந்தார். சோதிடர் எழுந்தார். பாதி படித்த ஓலையைப் பிடித்துக்கொண்டு தூதரும் பின்னால் நடந்தார். வேப்பமரத்தைச் சுற்றி எல்லாரும் வட்டமாக நிற்க, மிளகு நிதானமாகத் தன் வேலையை முடித்தது. அரசர் தொடையில் மூன்று தட்டு தட்டினார். மூன்று முறை நல்ல குட்டி என்றார். கருவாடு கொடுத்தார்.

இது என்ன சடங்கு என்று தூதர் அமைச்சரிடம் கிசுகிசுப்பாகக் கேட்டார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு, இது எங்கள் சட்டப்படி நடக்கிற பரிசளிப்பு என்றார் அமைச்சர். பொய்யில்லையே. தூதருக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. ஆனாலும் தன்னையும் வெளியே வரவைத்து ஒரு நாட்டின் சபையே சூழ்ந்து நடத்திய சடங்கு என்றால் பெரிய மரியாதையாகத்தான் இருக்கும் என்று எண்ணிக்கொண்டார். மீதி ஓலையை மரத்தடியிலேயே படித்து முத்திரை வைத்தார். ஊருக்குப் போய், கொன்றைநாட்டில் உடன்படிக்கைக்கு நடுவில் நாய்க்குட்டிக்குக் கருவாடு கொடுப்பார்கள், அப்போதுதான் அது செல்லும் என்று தன் அரசரிடம் சொன்னாராம். அடுத்த உடன்படிக்கைக்கு அங்கேயும் ஒரு குட்டியைத் தேடினார்களாம்.

மண்டபத்தில் அன்றைக்கு ஒரு சொட்டும் விழவில்லை. மிளகு அக்கரைக்குப் போகவில்லை.

தப்புச் செய்தபோது அடிப்பதால் பயம்தான் வளரும், சரியாகச் செய்த அந்த நொடியிலேயே மெச்சினால்தான் நல்ல பழக்கம் வளரும்.

அதற்கு அப்புறம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். மறுநாள் காலை அமைச்சர் தில்லைநாயகம், பரிசுச் சட்டத்தை எளிதாகத் திருத்தி எழுதிக்கொண்டு வந்து நீட்டினார். ஒரு பிழையில்லை. அரசர் படித்தார், தலையை ஆட்டினார், வழக்கம்போல ஓலையை ஓரமாக வைத்தார். நல்ல வேலைக்கு ஆண்டு விழாவில் பாராட்டுவதுதான் அவர் வழக்கம். ஆனால் அமைச்சர் போகவில்லை. மேல்துண்டின் முனையைத் திருகிக்கொண்டு அங்கேயே நின்றார். முப்பது வருடமாக அந்த மண்டபத்தில் நிற்பவர்.

"அரசே, நன்றாக இருக்கிறது என்றால் இப்போதே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்களேன்" என்றார்.