தேங்காய் எண்ணெய்க்குள் ஒரு கம்ப்யூட்டர்

“எல்லாம் கல்லா இறுகிப் போச்சுங்கம்மா” என்றார் நல்லசிவம்.

அவருடைய மொபெட்டில் கால் வைக்கிற இடத்தில் ஒரு மீன் தொட்டி இருந்தது. தொட்டி நிறைய வெள்ளை வெளேரென்று உறைந்த தேங்காய் எண்ணெய். அதற்குள் ஒரு கம்ப்யூட்டர் புதைந்து கிடந்தது.

காங்கேயத்திலிருந்து மலையடிவாரம் வரை அத்தனை மேடு பள்ளத்திலும் ஒரு சொட்டுச் சிந்தவில்லை. உறைந்ததில் கண்ட லாபம் அது ஒன்றுதான்.

மார்கழிக் காலை. குடிலின் வாசலில் நின்று மௌனத்தம்மா தொட்டியை எட்டிப் பார்த்தார். வாய் ஓயாமல் பேசுகிற மனுஷிக்கு அந்தப் பெயரை வைத்தவர்கள் நல்ல குசும்புக்காரர்களாக இருக்க வேண்டும். வயதில் நல்லசிவத்தைவிட ரொம்ப இளையவர். இருந்தாலும் நல்லசிவத்துக்கு அவர்தான் குரு.

கெட்டுப்போன கம்ப்யூட்டரைக் கடைக்குக் கொண்டு போகாமல் குருவிடம் கொண்டு வருவானேன் என்று கேட்கலாம். கடைக்காரன் கம்ப்யூட்டரை மட்டும்தான் பார்ப்பான். நல்லசிவத்துக்கு யாரிடமாவது பேச வேண்டியிருந்தது. இந்த ஒரு வாசலை விட்டால் அவருக்குப் போக்கிடம் இல்லை.

இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தொட்டியை உள்ளே கொண்டு போய் வைத்தார்கள்.

“இதென்னுங்க கூத்து? கம்ப்யூட்டரை எதுக்கு எண்ணெயில முக்குனீங்க?”

“சத்தத்துக்குத்தானுங்க. சூடாகாம இருக்கறதுக்கு உள்ள ஒரு ஃபேன் சுத்துமுங்க. பழைய பொட்டி, ரைஸ் மில்லாட்டம் இரையும். எண்ணெயில முக்கிட்டா ஃபேனே வேண்டாம். சூட்டை எண்ணெய் வாங்கிக்கும். எண்ணெயில கரண்டும் பாயாது. மின்வாரியத்துல இருந்த காலமெல்லாம் பாத்ததுதானுங்க, டிரான்ஸ்ஃபார்மருக்குள்ள பூரா எண்ணெய்தான்.”

“அந்த எண்ணெயையே ஊத்தியிருக்கலாமில்ல?”

“அது வீச்சமடிக்குமுங்க. இது மச்சினன் மில்லுல ஆட்டுனது. தண்ணியாட்டம் தெளிவா இருந்துது. மார்கழின்னு ஒண்ணு வரும்னு ரோசிக்கலீங்க.”

பிறந்ததிலிருந்து ஒவ்வொரு மார்கழியிலும் தலைக்கு வைக்கிற எண்ணெய்ப் பாட்டிலை வெயிலில் வைத்து உருக்கியவர்தான். தொட்டியில் ஊற்றும்போது அந்தப் பாட்டில் ஞாபகத்துக்கு வரவே இல்லை. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காகிவிட்டது.

“சத்தம் யாருக்கு ஆகல? உங்களுக்கா?”

“மகளுக்குங்க. ஞாயித்துக்கிழமையானா மஞ்சரி புனேவுல இருந்து இதுல வருவா. மூஞ்சி பாத்துப் பேசலாமில்லீங்க. நீங்க பேசறது ஒண்ணும் கேக்கலப்பா, ஒரே இரைச்சல்னா. அதுக்குத்தான் இத்தன பாடும்.”

“இப்ப நல்லாக் கேக்குதாமா?”

“சுத்தமாக் கேக்குமுங்க. நாந்தான் பேசறதில்லை.”

மௌனத்தம்மா நிமிர்ந்து பார்த்தார்.

“கோவம் வந்தா வாயத் தொறக்காதீங்கன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க. அவ வந்ததும் எதாச்சும் சொல்லுவா. சோறாக்க நேரமில்லைம்பா. தூங்கவே இல்லைம்பா. எனக்குச் சுர்ருன்னு ஏறும். முன்னயெல்லாம் திட்டுவேன். அவளும் விட மாட்டா. ரண்டு பேருக்கும் தொண்ட கட்டிக்கும்.”

“இப்ப?”

“சரி சாமி, நல்லா இருன்னு சொல்லி வெச்சிருவனுங்க.”

அதைச் சொல்லும்போது நல்லசிவத்தின் முகத்தில் ஒரு சின்னப் பெருமை தெரிந்தது. பாடத்தைத் தப்பில்லாமல் ஒப்பித்துவிட்ட பெருமை.

“வேற யார் மேலயெல்லாம் உங்களுக்குக் கோவம் வரும்?”

நல்லசிவம் யோசித்தார். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். கூட வேலை பார்த்தவர்கள் அவரவர் பேரன் பேத்திகளோடு இருந்தார்கள். பால்காரன் கேட்டில் பாக்கெட்டை மாட்டிவிட்டுப் போகிறான், அவன் முகத்தைப் பார்த்தே நாளாகிறது.

“வேற யாருங்கம்மா இருக்கறாங்க” என்றார்.

மௌனத்தம்மா தொட்டியின் பக்கம் திரும்பினார். “விடாம ஓடிட்டிருந்தா எண்ணெய் உறையாதில்ல?”

“உறையாதுங்க. நாந்தான் நிறுத்திப்போட்டேன்.”

“ஏன்?”

“அவ இப்ப வர்றதில்லீங்க. சும்மா எதுக்கு ஓடோணும்?”

“வராததுக்கு என்ன காரணம்?”

நல்லசிவம் தொட்டியின் விளிம்பைத் துண்டால் துடைத்தார்.

“கடைசியா வந்தப்ப, ஏனுங்கப்பா, திட்டவாவது செய்ங்கன்னு கேட்டா. எனக்குக் கோவமே வரலீங்க. சிரிச்சேன். நல்லா இரு சாமின்னேன். அப்பறம் ஐப்பசி போச்சு. கார்த்திகையும் போச்சு.”

மௌனத்தம்மா ஒன்றும் பேசவில்லை. அவருக்கு ஊர் வைத்த பெயர் அன்றைக்குத்தான் பொருந்தியது.

வெகு நேரம் கழித்து, “இத இப்ப என்ன பண்ணலாங்கறீங்க?” என்று தொட்டியைக் காட்டிக் கேட்டார்.

“வெயில்ல வெச்சா மத்தியானத்துக்குள்ள உருகிருமுங்க.”

“நாளைக்கு?”

“நாளைக்குக் காத்தால மறுபடி உறைஞ்சுக்குமுங்க.”

“அப்ப வெயில் வேண்டாம். கரண்டு குடுங்க.”

நல்லசிவம் பதறிப்போனார். “வேண்டாமுங்கம்மா. இறுகிக் கெடக்குது, சூடு போறதுக்கு வழியில்லை. உள்ளயே வெந்து போகும்.”

“வேகட்டும்.”

“இதுக்குப் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாதுங்க.”

“குடுங்க.”

குரு சொல்லைத் தட்டி அவருக்குப் பழக்கமில்லை. வயரைச் செருகிப் பொத்தானை அமுக்கினார். வெள்ளைக்குள் எங்கேயோ மங்கலாக ஒரு பச்சை விளக்கு எரிந்தது.

இருவரும் தரையில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் விளக்கு அணைந்துபோனது.

“பாத்தீங்களா? சூடு தாங்காம அதுவே நின்னு போச்சு.”

“இன்னொருக்கா போடுங்க.”

போட்டார். நின்றது. மறுபடி போட்டார். எங்கோ இருக்கிற மகளை முகத்துக்கு நேரே கொண்டு வந்து காட்டிய பெட்டி அது. அது தன் கையாலேயே சாகப் போகிறது என்று நினைக்க அவருக்கு அழுகை வந்தது.

அப்புறம்தான் பார்த்தார். நடுவில், சூடு பிறக்கிற இடத்தில், ஒரு குழி விழுந்திருந்தது. குழிக்குள் எண்ணெய் தெளிந்து நின்றது. குழி மெல்ல மெல்ல அகன்றது. ஓரத்திலிருந்து ஒரு பாளம் உடைந்து சாய்ந்து, மிதந்து, கரைந்தது.

பச்சை விளக்கு இந்தத் தடவை அணையவில்லை.

“வெந்து போகலீங்களே” என்றார் நல்லசிவம்.

மௌனத்தம்மா அவருடைய சட்டைப் பையைக் கை காட்டினார். பையில் செல்போன் இருந்தது.

நல்லசிவத்துக்குப் புரிந்தது. புரிந்ததும் பயம் வந்தது. “என்னன்னு பேசறதுங்க? எனக்கு இப்பக் கோவமே இல்லீங்களே.”

“போடுங்க.”

மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்க மாட்டாளோ என்று நினைத்த நேரத்தில் எடுத்தாள்.

“சொல்லுங்கப்பா.” தெரியாத ஆளிடம் பேசுகிற குரல்.

“நல்லா இருக்கறியா சாமி?”

“இருக்கறேனுங்க.”

“சரி.”

பழைய பாடம் நாக்கு நுனிக்கு வந்து நின்றது. நல்லா இரு என்று சொல்லி வைத்துவிடலாம். வைத்தால் இனி அவள் எடுக்க மாட்டாள் என்று அவருக்குத் தெரிந்தது. தெரிந்தும் சொல்வதற்கு வாயில் வேறு ஒன்றும் இல்லை.

அந்தப் பக்கம் மஞ்சரி இருமினாள். உடனே போனைத் தள்ளி வைத்துக்கொண்டு மறுபடி இருமினாள்.

“என்ன இருமல் அது?”

“ஒண்ணுமில்லீங்க.”

“எப்ப இருந்து?”

“தீவாளிக்கு அப்பறம் புடிச்சுது. விட மாட்டேங்குது.”

நல்லசிவத்துக்குச் சுர்ரென்று ஏறியது.

“தீவாளியில இருந்து இருமிக்கிட்டு ஒண்ணுமில்லைங்கறியா? உனக்கு அறிவிருக்குதா? ஆசுபத்திரிக்குப் போறதுக்குக் காலு இல்லையா? அப்பன்னு ஒருத்தன் இங்க கெடக்கறானே, அவனுக்கு ஒரு வார்த்த சொல்லோணும்னு தோணலையா?”

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தார் நல்லசிவம். மௌனத்தம்மாவைத் திரும்பிப் பார்க்கக்கூட அவருக்குத் தைரியம் வரவில்லை.

“நீங்க கூப்புட்டா ஆகாதா?” மஞ்சரியின் குரல் மௌனத்தம்மா காது வரைக்கும் வந்தது. “உங்களுக்குக் கையில்லையா? எப்பவும் நாந்தான் வரோணுமா? நான் செத்துப் போனேன்னு தகவல் வந்தாலும் சரி சாமி, நல்லா இருன்னுதான் சொல்லுவீங்க.”

“சொல்ல மாட்டேன்” என்று நல்லசிவமும் கத்தினார்.