கண்ணாடியான தூண்

ஒரு நகராட்சி அலுவலகக் கணினியில், எக்செல் தாள் ஒன்றின் நடுவே நான்கு தூண்கள் குடியிருந்தன. நகரத்தின் நான்கு பகுதிகளுக்கு எவ்வளவு குடிதண்ணீர் போகிறது என்று காட்டுவது அவற்றின் வேலை. மில் காலனித் தூண் கிடுகிடுவென்று உயர்ந்து நின்றது. சந்தைப்பேட்டையும் கோட்டைமேடும் நடுத்தரம்; அதில் கோட்டைமேடு கொஞ்சம் குட்டை. ஓடைக்கரைத் தூண் மட்டும் தரையோடு தரையாகக் கிடந்தது.

அதற்காக ஓடைக்கரை ஒருநாளும் கூனிக் குறுகியதில்லை. "நான் குட்டையா இருக்கிறதுதான் சேதியே! என்னைப் பார்த்தாத்தான் என் ஜனங்களுக்குத் தண்ணித் தொட்டி வரும்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லும். அன்றைக்குத்தான் தொட்டி யாருக்கு என்று முடிவு செய்யும் நகராட்சிக் கூட்டம். இருப்பது ஒரே ஒரு புதுத் தொட்டி. எந்தத் தூண் ரொம்பக் குட்டையோ, அந்தப் பகுதிக்குத் தொட்டி என்று நகராட்சித் தலைவர் ஏற்கெனவே சொல்லிவிட்டார்.

படம் போட்டவர் பொறியாளர் செங்கமலம். மேலாளர் திரவியம் வந்து எட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"என்னம்மா, நாலு பட்டையைத் தட்டையா ஒட்டி வச்சிருக்கீங்க? முப்பரிமாணத்துல போடுங்க. பெரிய தூணை முன்னாடி நிறுத்துங்க. பார்க்கிறவங்க அசந்து போகணும்!"

செங்கமலம் அப்படியே செய்தார். பக்கம் பக்கமாக நின்ற தூண்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசை கட்டின. மில் காலனி முன்னால் வந்து மார் தட்டிக்கொண்டது. நடுத்தரங்கள் இரண்டும் கடைசியில் நின்றாலும் எப்படியோ தலையை நீட்டித் தெரிந்தன. மில் காலனிக்கு நேர் பின்னால் நின்ற ஓடைக்கரை அடியோடு மறைந்துபோனது. படம் என்னவோ பிரமாதம்தான்.

"சபாஷ்!" என்று திரவியம் கூட்டத்துக்குக் கிளம்பினார். செங்கமலம் அப்போதுதான் படத்தை உற்றுப் பார்த்தார். "ஐயோ, ஓடைக்கரை எங்கே? இப்படியே போனா தொட்டி கோட்டைமேட்டுக்குப் போயிடுமே!"

அவர் அவசரமாகச் சுட்டியைப் பிடித்துத் திரையின் அம்புக்குறியை அனுப்பினார். கை இழுத்தபடியெல்லாம் அம்பு போகும் என்று வெளியே இருப்பவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். தாளுக்குள் அது ஒரு வார்த்தை கேட்காமல் யார் மேலும் கை வைப்பதில்லை.

அம்பு முதலில் ஓடைக்கரைக்குச் சிவப்பு பூசியது. பளபளப்பும் ஏற்றியது.

"அலங்காரம் நல்லாத்தான் இருக்கு. பந்தலுக்குப் பின்னாடி உட்கார வச்சுட்டு எவ்வளவு அலங்காரம் பண்ணி என்ன?" என்றது ஓடைக்கரை.

அடுத்து அம்பு படத்தையே சுழற்றியது. ஓடைக்கரை வெளிச்சத்துக்கு வந்தது. உடனே சந்தைப்பேட்டை அலறியது. "ஏய், இப்ப என்னை மறைச்சுட்டீங்களே!"

"பழையபடி திருப்பு அம்பு. இன்னொருத்தரை மறைச்சு நான் தெரிய வேண்டாம்" என்றது ஓடைக்கரை. பிறகு முன்னால் நின்ற நெட்டைத் தூணைக் கூப்பிட்டது. "அண்ணே, ஒரு உதவி. நீங்க நகர வேண்டாம், குனிய வேண்டாம். கொஞ்சம் கண்ணாடியா மாறுங்க, போதும்."

மில் காலனிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "என்னது? நான் வெளிறிப்போய் நிக்கணுமா? அப்புறம் என்னை யாருப்பா பார்ப்பா?"

"உங்க உயரம் எங்கேயும் போகாது அண்ணே. உங்க ஜனங்களுக்குத் தண்ணி வர்றதும் நிக்காது. என் ஜனங்க லாரிக்குக் குடத்தோட காத்துக் கிடக்காங்க. நீங்க மறைச்சா இன்னும் காத்துக் கிடப்பாங்க."

மில் காலனி தன் முதுகுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தது. இத்தனை நேரம் தன் நிழலில் ஒருத்தன் நிற்பதை அப்போதுதான் கண்டது. அதற்கே என்னவோ போலாகிவிட்டது.

"சரிப்பா, ஆகட்டும்" என்றது அம்பிடம்.

அம்பு அதன் நிறத்தை மெதுவாக இழுத்துக் குறைத்தது. நெட்டைத் தூணின் அடர்நீலம் கரைந்து கரைந்து, கடைசியில் ஓரக்கோடுகளும் லேசான நீலமும் நின்றன. அதன் வழியே சின்னதாக, சிவப்பாக ஓடைக்கரை தெரிந்தது. செங்கமலம் படத்தை எடுத்துக்கொண்டு ஓடினார்.

கூட்டத்தில் திரை விரிந்ததும் தலைவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "அந்தப் பெரிய தூணுக்குள்ள செக்கச்செவேல்னு குட்டியா தெரியுதே, அது எந்த ஏரியா?"

"ஓடைக்கரைங்க ஐயா" என்றார் செங்கமலம்.

"அடடா, இவ்வளவுதான் தண்ணி போகுதா? அப்ப தொட்டி அங்கதான். அடுத்த விஷயத்துக்கு வாங்க."

திரவியம் மட்டும் முனகினார். "பெரிய தூணை இன்னும் கொஞ்சம் எடுப்பா போட்டிருக்கலாம்."

திரையில் மில் காலனி மெல்லக் கேட்டது. "தம்பி, என்னை யாராவது பார்த்தாங்களா?"

"என்னண்ணே இப்படிக் கேட்டுட்டீங்க? என்னைப் பார்த்ததே உங்க வழியாத்தானே!" என்றது ஓடைக்கரை.