இளவட்டக்கல்லும் ஏழு கல்யாணமும்

ரொம்பக் காலத்துக்கு முன்னால் தேரிக்காவு என்ற நாட்டை வீரகண்ட ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் காலையில் யார் முதலில் வந்து பேசுகிறார்களோ, அவர்கள் பேச்சே அன்றைக்குச் சட்டம். ஊரார் தும்முவதால்தான் மழை வரவில்லை என்று ஒரு ஜோசியர் சொல்லப்போய், ஒரு சித்திரை முழுக்க நாட்டில் ஒருவரும் தும்மக் கூடாது என்று ஆணை போட்டவர் அவர்.

அவருடைய தளபதி ரணசூரருக்கு அறுபத்தைந்து வயது. “அந்தக் காலத்தில்” என்று தொடங்காமல் குடிக்கத் தண்ணீர்கூடக் கேட்கத் தெரியாது. ஒருநாள் விடிந்ததும் விடியாததுமாக அவர் ராஜாவிடம் வந்து புலம்பினார். கோட்டை வாசலில் இருக்கும் இளவட்டக்கல்லை அவர் காலத்தில் மாப்பிள்ளை ஆகிறவன் ஒவ்வொருவனும் தூக்கித் தோளுக்குப் பின்னால் போட்டானாம். இந்தக் காலத்துப் பிள்ளைகள் அதைத் தொட்டுக் கும்பிடுவதோடு சரியாம். அவ்வளவுதான், அன்றைக்கே பறை அறைந்துவிட்டார்கள். கல்லைத் தூக்காதவனுக்குக் கல்யாணம் கிடையாது.

தையில் முகூர்த்தம். ஏழு வீட்டில் வெற்றிலை பாக்கு மாற்றியாயிற்று. ஏழு மாப்பிள்ளைகளும் போய் மூச்சைப் பிடித்துப் பார்த்தார்கள். கல் அசையவில்லை. ஒருவனுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

ராஜா ஏழு பேரையும் சபைக்கு அழைத்து, உங்கள் தலைமுறையைப் பற்றி நீங்களே சொல்லுங்கள் என்றார். ஏரி மடை திறக்கிற ஐயம்பெருமாள்தான் வாயைத் திறந்தான்.

“எங்க அப்பாமாரு நெல்லு, மகாராஜா. நாங்க பதரு.”

மற்ற ஆறு பேரும் தலையாட்டினார்கள். போன ஐப்பசி வெள்ளத்தில் ஏரிக்கரை உடைந்தபோது இதே ஏழு பேர்தான் இரண்டு நாள் கழுத்தளவு தண்ணீரில் நின்று மணல்மூட்டை அடுக்கி ஊரைக் காப்பாற்றியவர்கள். அதை ஒருவனும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றே அவர்களுக்குத் தோன்றவில்லை, பாவம்.

ஐயம்பெருமாளுக்கு நிச்சயித்திருந்த பெண் மாடத்தி, சுண்ணாம்புக் காளவாய்க்காரர் மகள். விஷயம் காதுக்கு வந்ததும் அவளுக்கு வந்த கோபத்தில் காளவாயே தேவலை.

“கல்லைத் தூக்க முடியலேன்னா போகட்டும். பதருன்னு எதுக்குச் சொன்னே? நான் என்ன பதரையா கட்டிக்கப் போறேன்?”

“எல்லாரும் அப்படித்தானே சொல்றாங்க, மாடத்தி” என்றான் அவன். அவனே அதை நம்பிவிட்டான் என்பதுதான் அவளுக்கு வலித்தது.

நேரே கோட்டை வாசலுக்குப் போனாள். கல்லைச் சுற்றி வந்தாள். விரல் முட்டியால் நாலு இடத்தில் தட்டிப் பார்த்தாள். மறுநாள் காலையில் ராஜாவிடம் முதலில் வந்து நின்றவள் அவள்தான். தளபதி ஐயா கல்லைத் தூக்கிய கதையைச் சபையில் ஒருதரம் சொல்ல வேண்டும், கேட்டாவது எங்கள் பிள்ளைகளுக்கு ரோஷம் வரட்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

ரணசூரருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. சபை கூடியதும் மீசையைத் தடவிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார். கல்லின் இரண்டு பக்கமும் விரல் புதைகிற பள்ளம் இருக்குமாம். அதில் கையைக் கொடுத்து, முழங்கால் உயரக் கல்லை ஒரே மூச்சில் தோளுக்கு ஏற்றினாராம்.

“முழங்கால் உயரந்தானா, ஐயா?” என்று மாடத்தி பணிவாகக் கேட்டாள்.

“அதுக்கு ஒரு விரக்கடை கூட இருந்தா, இந்த மீசையை எடுத்துடறேன்.”

“அப்ப வாசல்ல இடுப்பு உயரத்துக்கு நிக்கிறது எந்தக் கல்லு?”

ராஜா எழுந்து வாசலுக்கு நடந்தார், சபையும் பின்னாலேயே போனது. தளபதி கல்லை இரண்டு சுற்றுச் சுற்றினார். பள்ளத்தைக் காணோம்.

மாடத்தி விளக்கிச் சொன்னாள். தம் காலத்துக்கு மரியாதை என்று தளபதி, தாம் கல்லைத் தூக்கிய வருஷம் தொட்டு, வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு அந்தக் கல்லுக்குச் சுண்ணாம்புச் சாந்து பூசச் சொல்வார். ஒரு பூச்சு சுண்டுவிரல் கனம். நாற்பத்தைந்து வருஷம், நாற்பத்தைந்து பூச்சு. தினமும் பார்க்கிற கல் வளர்வது யார் கண்ணுக்குத் தெரியும்?

ராஜா தலையசைத்ததும் கையோடு கொண்டுவந்த உளியை வைத்துத் தட்டினாள். சாந்து ஓடு ஓடாகப் பெயர்ந்து விழுந்தது. உள்ளேயிருந்து கறுத்த கல் ஒன்று, இரண்டு பள்ளத்தோடு வெளியே வந்தது. ஐயம்பெருமாள் விரலைக் கொடுத்தான். முழங்கால், மார்பு, தோள் என்று ஏற்றிப் பின்னால் போட்டான். மற்றவர்களும் தூக்கினார்கள். இடுப்புப் பிடித்தவன்கூட விடவில்லை.

உடனே பிள்ளைகளுக்கு வாய் நீண்டுவிட்டது. இத்தனூண்டு கல்லுக்கா இந்தப் பாடு என்று ஒருவன் சிரித்தான். ராஜாவும் தளபதியின் மீசைப் பந்தயத்தை நினைத்து நாவிதரைக் கூப்பிடச் சொன்னார். மாடத்தி கிழவர் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு மனசு கேட்கவில்லை.

“ஐயா, மொத தடவையே தூக்கிட்டீங்களா?”

ரணசூரர் குனிந்து கல்லின் பள்ளத்தில் விரலை வைத்துப் பார்த்தார்.

“மூணாவது வருஷந்தான் தாயி. மொத வருஷம் கால்மேல போட்டுக்கிட்டேன். பதருப் பயலேன்னு எங்கப்பா ஊர் நடுவுல வச்சுச் சொன்னாரு.”

சிரித்தவன் வாயை மூடிக்கொண்டான். ராஜா கல்லைத் தளபதியின் காலோடு வைத்து அளக்கச் சொன்னார். சரியாக முழங்கால் உயரம். மீசை தப்பியது. ஆனால் பெருமைக்கு அபராதமாக, ஏழு கல்யாணத்திலும் தளபதியே பந்தி பரிமாற வேண்டும் என்று தீர்ப்பானது. மாடத்தி வீட்டுக்குக் கோட்டைச் சுண்ணாம்பு வேலை முழுவதும் போனது.

தையில் ஏழு கல்யாணமும் ஒரே பந்தலில் நடந்தன. தளபதி பாயசத்தை வாளி வாளியாக ஊற்றினார். தாலி கட்டிய கையோடு ஐயம்பெருமாள், எதிரே உட்கார்ந்திருந்த பொடிசுகளைப் பார்த்து இல்லாத மீசையை முறுக்கினான்.

“இனிமே பொறந்து வர்றவனுங்க எங்க மாதிரி தூக்கிருவானுங்களா என்ன? எங்க காலத்துல அந்தக் கல்லு…”

மாடத்தி மணவறையில் இருந்தபடியே தன் அப்பாவைக் கூப்பிட்டாள்.

“அப்பா, சுண்ணாம்புச் சட்டியை எடுத்து எங்கேயாவது ஒளிச்சு வைங்க.”