ராஸ்கேயின் வயோலா

ஜெயசீலன் பேங்க்கிலிருந்து ஓய்வு பெற்றதும் அவருக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. பைத்தியத்தின் பெயர் எமில் ராஸ்கே. நூற்றைம்பது வருஷத்துக்கு முன் ஜெர்மனியில் எழுதிக் குவித்து, செத்த கையோடு மறக்கப்பட்ட இசைக்காரர். அவருடைய இசைத்தாள்களை எங்கெங்கோ கேட்டு வாங்கி, எங்கள் நால்வர் குழுவின் தலையில் கட்டிவிட்டார். அவர் முதல் வயலின். நான் கீழ்ச்சுரம் பிடிக்கும் செல்லோ.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் ஹாலில் கச்சேரி. நால்வருக்கான இந்தக் குவார்டெட் எடுபட்டால் ராஸ்கேயின் சிம்பொனியை நகரத்து ஆர்க்கெஸ்ட்ரா வாசிக்கும். எடுபடாவிட்டால் மனுஷன் மறுபடி பெட்டிக்குள் போவார். ஜெயசீலனுக்குச் சோறு இறங்கவில்லை.

ஒத்திகைக்கு அவருடைய குரு ஹெப்சிபா வந்திருந்தார். ஜெயசீலனைவிட இருபது வயது இளையவர். ஆனாலும் ஜெயசீலன் எழுந்து நின்றுதான் பேசுவார்.

"டீச்சர், ஒரு கேள்வி என்னை அரிச்சுக்கிட்டே இருக்கு. இவ்வளவு நல்ல இசையை உலகம் எப்படி மறந்துச்சு?"

"உட்காருங்க சார். அந்த மெதுவான பகுதியை வாசிப்போம். வயோலா நான் எடுத்துக்கிறேன்."

வயோலா, வயலினைவிடச் சற்றே பெரிய, கனத்த குரல் உள்ள வாத்தியம். எங்கள் வயோலாக்காரர் எழுந்து இடம் கொடுத்தார்.

ஜெயசீலன் கால் தரையில் பாவவில்லை. பஸ் கிளம்பிவிடும் என்கிற மாதிரி அவசரம். ஒவ்வொரு சுரத்தையும் அழுத்தி, வியர்த்து வாசித்தார். என் செல்லோ எனக்கே கேட்கவில்லை.

முடிந்ததும் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"பாத்தீங்களா டீச்சர்? இதைப் போய் மறந்திருக்காங்களே."

"நான் என்ன வாசிச்சேன், சார்?"

"வயோலா வாசிச்சீங்க."

"அந்த மெட்டைக் கொஞ்சம் பாடிக் காட்டுங்க."

ஜெயசீலன் தன் தாளில் தேடினார். என்னைப் பார்த்தார். நான் என் தாளைப் பார்த்துக்கொண்டேன். எனக்கும் தெரியாது.

ஹெப்சிபா தனியாக வாசித்தார்.

மெட்டு முழுக்க வயோலாவில்தான் இருந்தது. ஜெயசீலன் உயிரைக் கொடுத்து வாசித்ததெல்லாம் அதற்குப் பக்கவாத்தியம். மெட்டு என்றால் தன்னுடையதுதான் என்று முதல் வயலின்காரர் எவரும் நம்புவார்.

ஜெயசீலன் வயலினை மடியில் வைத்துக்கொண்டார்.

"நான் கவனிக்கவே இல்லையே, டீச்சர். பக்கத்துலதானே உட்கார்ந்திருந்தேன்."

"உலகமும் பக்கத்துலதான் சார் உட்கார்ந்திருந்துச்சு," என்றார் ஹெப்சிபா. "வாங்க, முதல்ல இருந்து."