காணாமல் போன எருமையும் தீராத டோனரும்

மழை வந்தால் குடை நனைந்துவிடும் என்று அதை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறவர்கள் கோணக்குறிச்சிக்காரர்கள். அந்த ஊர் ஆவுடையப்பனின் எருமை சீதேவியை ஒரு புதன்கிழமை காலையில் தொழுவத்தில் காணோம். மறுநாள் சந்தை. எவனாவது பிடித்துக்கொண்டுபோய் விற்றுவிட்டால் போனது போனதுதான். கன்று நின்று கத்திக்கொண்டிருந்தது. ஆவுடையப்பனுக்குக் காப்பி இறங்கவில்லை. காப்பியில் ஊற்றப் பாலும் இல்லை.

"எருமை படத்தப் போட்டு நோட்டீஸ் அடிச்சு ஒட்டுவோம்ணே," என்றான் தம்பி குத்தாலம். பழைய லேசர் பிரிண்டர் ஒன்றை மலிவாக வாங்கி வீட்டில் வைத்திருந்தான். ஆனால் அதில் சிவப்பு விளக்கு எரிந்தது. டோனர் என்கிற மைப்பொடி தீரப்போகிறது என்று அர்த்தம். டவுனுக்குப் போய்ப் புதிது வாங்க நேரமில்லை. பிரிண்டரை விற்ற கடைக்காரருக்குப் போன் போட்டார்கள்.

அவர் நல்ல மனுஷன். பொறுமையாகச் சொன்னார்.

"கார்ட்ரிட்ஜைக் கழத்தி, பச்சப்பிள்ளைய ஆட்டுத மாதிரி மெதுவா ஆட்டுங்க. ஒதுங்கிக் கிடக்கிற பொடி பரவிரும். அதுமேல வெளிச்சம் படாமப் பாத்துக்கிடுங்க. படத்துல கருப்பு எவ்வளவு குறையுதோ, அவ்வளவு தாள் கூட வரும்."

ஆவுடையப்பனின் மச்சினன் சொரிமுத்து வேட்டியில் தொட்டில் கட்டினான். கார்ட்ரிட்ஜைப் படுக்கவைத்து ஆட்டினார்கள்.

"அத்தான், பாட்டு வேண்டாமா?"

"கடைக்காரரு பாட்டைப் பத்திச் சொல்லலியே."

"பாட்டில்லாம நாம எந்தப் பிள்ளைய ஆட்டியிருக்கோம்?"

ஆவுடையப்பன் பாடினார். எருமை நினைப்பில் தாலாட்டு ஒப்பாரியாக வந்தது.

அரைமணி கழித்துக் குத்தாலம் அதை எடுக்கப் போனான். சொரிமுத்து தடுத்தான். "தூங்குத பிள்ளைய எழுப்பலாமா? முழிச்சா அதுவே அழும்."

காத்திருந்தார்கள். தொழுவத்தில் கன்று கத்தியது. பிள்ளை அழுதுவிட்டது என்று எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்தது வெளிச்சம். ஜன்னல்களைச் சாத்திச் சாக்கு தொங்கவிட்டார்கள். யாராவது தெரியாமல் சுவிட்சைத் தட்டிவிடக் கூடாதே என்று மெயினையும் அணைத்தார்கள். இருட்டில் தடவித் தடவி மாட்டியும் பிரிண்டர் அசையவில்லை.

"கரண்ட் இல்லாம எப்படிண்ணே ஓடும்?"

"கரண்டைப் போட்டா லைட்டு எரியுமேடே."

வெகுநேரம் யோசித்து, வீட்டுப் பல்புகளை எல்லாம் கழற்றிக் கிணற்றில் போட்டுவிட்டு மெயினைப் போட்டார்கள். பிரிண்டரின் சிவப்பு விளக்கு மட்டும் மின்னியது. அதுவும் வெளிச்சம்தானே என்று சொரிமுத்து அதன்மேல் ஓர் உருண்டை சாணியை அப்பினான். சிவப்பு மறைந்தது. டோனர் நிறைந்துவிட்டது என்று மூவருக்கும் ஒரே சந்தோஷம்.

படம்தான் பாடாய்ப் படுத்தியது. சீதேவி கொம்பு முதல் குளம்பு வரை கருப்பு.

"காலை எடுத்துருவோமா?" என்றான் சொரிமுத்து.

"காலில்லாத எருமை எப்படிடே ஓடிப்போகும்? ஒருத்தன் நம்பமாட்டான்."

"அப்பம் வெள்ளையாப் போடுவோம்."

"பசுன்னு நினைச்சு எவனாவது பசுவக் கொண்டாந்து விட்டுட்டா, அத எங்க கட்டுவேன்?"

குத்தாலம் மெல்லக் கேட்டான். "காணோம்னுதானே நோட்டீஸ் அடிக்கோம்? படத்துல எருமை நின்னா, 'இந்தா நிக்குல்லா, இவனுக்குக் கண்ணு தெரியலியா'ன்னு கேக்கமாட்டாங்களா?"

மூவரும் தொழுவத்துக்குப் போய், எருமை இல்லாத இடத்தைப் படம் எடுத்தார்கள். ஒரு முளைக்குச்சி, கொஞ்சம் வைக்கோல். மேலே 'காணவில்லை', கீழே போன் நம்பர். இல்லாத எருமைக்கு எதற்குப் பொடி என்று 'எருமை' என்ற சொல்லையும் குத்தாலம் எடுத்துவிட்டான்.

டோனர் தீரவே இல்லை, தாள்தான் தீர்ந்தது. ஊர்க் கடையில் இருந்த தாள்க்கட்டு எல்லாவற்றையும் வாங்கிவந்து அடித்தார்கள்.

மதியத்துக்குள் தெருவெல்லாம் ஒட்டியாயிற்று. பலன் உடனே தெரிந்தது. மேலத்தெருக்காரர் ஒருவர் ஒரு முளைக்குச்சியைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஆவுடையப்பன் அதைப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, "இது இல்ல அண்ணாச்சி, எங்க குச்சி எங்ககிட்டயே இருக்கு," என்று மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்.

சாயங்காலம் சீதேவி குளத்திலிருந்து எழுந்து, சேறு சொட்டச் சொட்டத் தானே வந்து சேர்ந்தது. ஆவுடையப்பன் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். குத்தாலமும் அழுதான். அவன் அழுதது நோட்டீஸ் கட்டுகளைப் பார்த்து.

"இம்புட்டையும் என்ன செய்ய? தாலாட்டிச் சேத்த பொடி எல்லாம் வீணாப் போச்சே."

"திரும்ப அவுத்து விடுங்க அத்தான். நோட்டீஸ் தீருத வரைக்கும் காணாமப் போயிட்டு வரட்டும்."

"தனியா விட்டா நெசமாவே தொலைஞ்சிருமேடே. நாளைக்குச் சந்தை."

அதுவும் நியாயமாகப் பட்டது. கடைசியில், கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டே எருமையைத் தொலைப்பது என்று முடிவாயிற்று.

ஆவுடையப்பன் சீதேவியைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். மற்ற இருவரும் எதிரே வந்தவர்களுக்கெல்லாம் நோட்டீஸ் கொடுத்தார்கள். ஊர் எல்லையில் சைக்கிளில் வந்த ஒருவர் வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"என்னத்தக் காணோம்?"

"இந்த எருமையத்தான். எங்கியாவது பாத்தா ஒரு போன் பண்ணுங்க."

அவர் இறங்கிச் சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு, சீதேவியைக் கொம்பிலிருந்து வால் வரை நன்றாகப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இதே மாதிரி ஒண்ண மூணு பேரு பிடிச்சுக்கிட்டு இந்த ரோட்டுலதான் வந்தாங்க. தூரத்துல இருந்தே பாத்தேன். விரசாப் போனா பிடிச்சிரலாம்."

ஆவுடையப்பன் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார். மூவரும் சீதேவியை இழுத்துக்கொண்டு ஓடினார்கள்.