ஹில்டா வைத்த புள்ளி

கதையைக் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லாமல் நழுவுகிறவர்களுக்கு இந்தக் கதை இல்லை.

'குழம்புச் சட்டி' என்பது மீன் சமைப்பவர்களின் முகநூல் குழு. அங்கே ஒரே ஒரு சட்டம்: கம்பு சுற்றியவரும், அதற்குக் காரணமானவரும் வெளியே. கம்பு சுற்றுவது என்றால் சிலம்பம் இல்லை. தன் ஆளுக்காக, யாரும் கூப்பிடாமலே கமெண்டில் இறங்கி, எதிரே வருகிறவரையெல்லாம் விளாசுவது. "காலங்காத்தாலயே கம்பு சுத்த ஆரம்பிச்சிட்டியா?" என்று அங்கே கேட்டால் அர்த்தம் அதுதான்.

நாகர்கோவில் ஹில்டா வீட்டிலேயே சமைத்து விற்றவள். அவள் போட்ட சாளைக் குழம்புப் படத்தைப் பார்த்து, பூனைகூடத் தொடாது என்று ரூபஸ் என்பவன் எழுதினான். நாலு பேர் சிரித்தார்கள். பதிவு கீழே போய்விட்டது. அவன் சும்மா விட்டானா? கொஞ்ச நாள் கழித்து அதில் வெறும் புள்ளி ஒன்றைக் கமெண்டாக வைத்தான். புதுக் கமெண்ட் விழுந்தால் பழைய பதிவும் குழுவின் உச்சிக்கு வந்துவிடும். வந்தது. ஊரே கூடி அவளை நாறடித்தது. அதோடு வியாபாரம் படுத்துவிட்டது. ஹில்டாவுக்கு வயிறு எரிந்தது. அந்தப் புள்ளியை அவள் மறக்கவே இல்லை.

பின்பு ரூபஸ் தூத்துக்குடியில் சாப்பாட்டுக்கடை திறந்தான். "தூத்துக்குடிக்காரனுக்கு மீனைக் கழுவக்கூடத் தெரியாது" என்று அவன் என்றைக்கோ குழுவில் எழுதிப் போட்டிருந்த பதிவை, திறப்பு நாள் காலையில் ஹில்டா தேடிப் பிடித்தாள். அதன் கீழே ஒரு புள்ளி வைத்தாள். வேறு ஒரு எழுத்துகூட எழுதவில்லை.

தூத்துக்குடிக்காரர்கள் கொதித்தார்கள். ரூபஸ் வேண்டாம் என்று கெஞ்சியும் கேளாமல், அவன் சிநேகிதன் ததேயு இறங்கிக் கம்பு சுற்றினான். அவர்கள் வீட்டுப் பெண்களைக்கூட விடவில்லை. மத்தியானம் ரூபஸ் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தான். ஹில்டா அன்று வயிறாரச் சாப்பிட்டாள்.

விவகாரம் அட்மின் மரியரத்தினத்திடம் போனது. எழுதியவன் ரூபஸ், கம்பு சுற்றியவன் ததேயு, புள்ளி வைத்தவள் ஹில்டா.

"நான் ஒருத்தரையும் ஒரு வார்த்தை சொல்லலியே அண்ணே" என்றாள் அவள்.

இதில் யாரை வெளியே தள்ளுவது சரி?

விடை: ததேயு போனதில் யாருக்கும் பேச்சில்லை. பழைய பதிவுக்கான தண்டனை ரூபஸுக்குக் கடையிலேயே கிடைத்துவிட்டது. மிச்சம் இருந்தது புள்ளிதான். மரியரத்தினம் ஹில்டாவிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: "அன்னைக்கு ரூபஸ் வச்ச புள்ளி தப்பாம்மா?" தப்பில்லை என்று சொன்னால் அவள் தப்பிக்கலாம், ஆனால் அவனும் நல்லவனாகிவிடுவான். ஹில்டா யோசிக்கவே இல்லை. "தப்புதான். அவனையும் என்னையும் ரெண்டு பேரையும் தூக்குங்க அண்ணே" என்றாள். ஆக, மூன்று பேரும் வெளியே. போனவர்களில் சிரித்துக்கொண்டே போனவள் அவள் ஒருத்திதான்.